கார் வாங்குவதிலும் பகுத்தறிவு வேண்டும்

(நாவலூரில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் உங்களில் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஜாதியையும் சடங்கையும் புரோகிதத்தையும் பற்றிப் பேசுகிறவர்கள் கார் வாங்குவதைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். நாம் சொல்லுவது என்னவென்றால், ஒரு மனிதன் தன் ஆயுளில் வீட்டிற்கு அடுத்தபடியாகப் பெருந்தொகை கொடுத்து வாங்கும் பொருள் இன்று காராகத்தான் இருக்கிறது. அந்தப் பொருளில் அவன் தன் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு போகிறான். அவர்களுடைய உயிர் அதில் இருக்கிறது. அய்ந்து வருஷத்துச் சம்பாத்தியமும் அதில் இருக்கிறது. அப்படிப்பட்ட காரியத்தில் புத்தியைப் பயன்படுத்தாதவன் வேறு எந்தக் காரியத்தில் பயன்படுத்தப் போகிறான்?

இந்த நாவலூர் ஒரு காலத்தில் வயலும் ஏரியும் பனைமரமுமாக இருந்த ஊர். அக்காலத்தில் உழவுமாடு வாங்கச் சந்தைக்குப் போனவர் என்ன செய்தார்? பல்லைப் பிடித்துப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார், ஏரில் பூட்டிப் பார்த்தார். இவையெல்லாம் அறிவுள்ள காரியங்கள். அதே மனிதர் மாட்டின் முதுகிலும் நெற்றியிலும் சுழி எங்கே இருக்கிறது என்றும் பார்த்தார். சுழி சரியில்லையென்றால் நல்ல மாட்டையும் வேண்டாமென்று விட்டுவிட்டு வந்தார். இன்று அவருடைய பேரன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். கார் வாங்கப் போகிறான். பாட்டனாரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டான் தெரியுமா? பல் பார்ப்பதை விட்டுவிட்டான். சுழி பார்ப்பதை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டிருக்கிறான்! வண்டி எண்ணின் கூட்டுத்தொகை எட்டு வரக்கூடாதாம். ஆடி மாதத்தில் எடுக்கக்கூடாதாம். இராகு காலத்தில் சாவி வாங்கக்கூடாதாம். வண்டியில் பிரேக் எப்படி இருக்கிறது என்றால் "தெரியாதுங்க, நல்ல கம்பெனிதானே" என்கிறான்.

எஸ்.யு.வி. என்பது என்ன?

இப்பொழுது எல்லோரும் கேட்பது சிறிய எஸ்.யு.வி. என்கிற வண்டி. எஸ்.யு.வி. என்றால் முன்காலத்தில் காடு மேடு, சேறு சகதி எல்லாவற்றிலும் ஏறி இறங்குவதற்காக, நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் பலம் போகும்படி கட்டப்பட்ட வண்டி என்று அர்த்தம். இன்று கடைகளில் நிற்கும் சிறிய எஸ்.யு.வி.க்கள் அப்படிப்பட்டவையா? அநேகமாக எல்லாவற்றிலும் முன்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே பலம் போகிறது. சாதாரணச் சிறிய காரை எப்படிக் கட்டுகிறார்களோ அப்படித்தான் இதையும் கட்டுகிறார்கள். தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி, முகத்தை அகலமாக்கி, பக்கங்களில் கறுப்புப் பட்டை ஒட்டியிருக்கிறார்கள்.

அதனால் அவை கெட்ட வண்டிகள் என்று நாம் சொல்லவில்லை. தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் சுமார் 180 முதல் 210 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருப்பதால் வேகத்தடையில் அடி தட்டாது. ஆசனம் உயரமாயிருப்பதால் முழங்கால் வலியுள்ள வயதானவர்கள் குனியாமல் ஏறி இறங்கலாம். இவை உண்மையான சௌகரியங்கள். ஆனால் உயரத்துக்கு ஒரு விலையும் உண்டு. உயரமான வண்டியின் கனம் மேலே இருப்பதால் வேகமாகத் திருப்பும்பொழுது சாய்ந்து உருளும் அபாயம் தாழ்ந்த வண்டியைவிட அதிகம். இதை விற்கிறவன் சொல்லமாட்டான். வாங்குகிறவனாவது தெரிந்துகொள்ள வேண்டாமா?

நம் நாட்டில்தான் எதற்கும் மேல்ஜாதி கீழ்ஜாதி கற்பிக்கும் வழக்கம் இருக்கிறதே! காருக்கும் இப்பொழுது வருணாசிரமம் வந்துவிட்டது. சின்னக் கார் என்றால் இளக்காரம்; எஸ்.யு.வி. என்றால் மரியாதை. அதிலும் கூரையில் கண்ணாடி திறக்கிற வண்டி என்றால் உயர்ந்த குலம். நமது வெயிலில் வருஷத்தில் எத்தனை நாள் அந்தக் கூரையைத் திறக்க முடியும்? அதற்குக் கொடுக்கும் பணத்துக்கு, உயிரைக் காக்கும் கருவி எதையாவது சேர்த்து வாங்கலாமே என்று எத்தனை பேர் யோசிக்கிறார்கள்?

நான்கு மீட்டர் மகத்துவம்

இந்த வண்டிகள் எல்லாம் ஏன் நான்கு மீட்டருக்குள்ளேயே நிற்கின்றன என்பதைச் சிலர் ஏதோ எஞ்சினியர் சாஸ்திரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது வரிச் சட்டம் போட்ட கோடு. 2006ஆம் வருஷத்து மத்திய பட்ஜெட்டில், நீளம் 4000 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும், பெட்ரோல் எஞ்சின் 1200 சி.சி.க்கும் டீசல் எஞ்சின் 1500 சி.சி.க்கும் மேற்படாமலும் இருந்தால் சிறிய கார் என்று வைத்து, எக்சைஸ் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார்கள். உடனே கம்பெனிக்காரர்கள் அந்தக் கோட்டுக்குள் வண்டியை அடக்கக் கற்றுக்கொண்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறிய பிறகும் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. கோட்டுக்குள் இருந்தால் 18 சதவீதம். பெரிய வண்டியென்றால் 40 சதவீதம்.

இந்த வண்டிகள் பெருகியதில் நம் சுற்றுவட்டாரத்துக்கும் பங்கு உண்டு. 2013இல் போர்டு கம்பெனியின் எக்கோஸ்போர்ட் இங்கே பக்கத்தில் மறைமலை நகரில்தான் செய்யப்பட்டது. 2016இல் மாருதியின் பிரெஸ்ஸாவும், 2017இல் டாடாவின் நெக்ஸானும், 2019இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் வென்யுவும், 2020இல் ஒரகடத்திலிருந்து நிஸ்ஸானின் மாக்னைட்டும் வந்தன. முதலில் நல்ல பேர் எடுத்த போர்டு கம்பெனி என்ன ஆயிற்று? 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. 2022இல் மறைமலை நகர் ஆலையிலும் வேலை நின்றது. தொழிலாளிகள் தெருவில் நின்றார்கள். வண்டி வைத்திருந்தவர்களோ உதிரிச் சாமான் நாளைக்குக் கிடைக்குமா என்று கவலைப்பட்டார்கள். ஆகவே வண்டி நல்லதா என்று பார்ப்பதோடு, பத்து வருஷத்துக்குப் பழுது பார்க்க ஆள் இருக்குமா, சர்வீஸ் நிலையம் தாம்பரத்திலோ சோழிங்கநல்லூரிலோ கேளம்பாக்கத்திலோ எட்டுகிற தூரத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கணக்குப் போடுங்கள்

நிற்க, பணத்துக்கு வருவோம். கடைக்காரன் விளம்பரத்தில் போடும் விலை ஒன்று. நீங்கள் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் விலை வேறொன்று. 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் திருத்திய ஆயுள் வரி விகிதப்படி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள புதுக் காருக்கு 13 சதவீதம்; 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும் 18 சதவீதம். இதை வைத்துக் கணக்குப் பாருங்கள். விலை 9,90,000 ரூபாயானால் வரி 1,28,700 ரூபாய். விலை 10,10,000 ரூபாயானால் வரி 1,81,800 ரூபாய். இருபதாயிரம் ரூபாய்க்கு மினுக்குச் சாமான் அதிகம் உள்ள வண்டி என்று ஆசைப்பட்டவர், வரியில் மட்டும் 53,100 ரூபாய் அதிகமாகக் கொடுக்கிறார். பத்து லட்சத்துக்கு மேற்பட்டால் ஒரு சதவீத வருமான வரியும் கடையிலேயே பிடித்துக்கொள்ளுகிறார்கள். அதையாவது பிறகு வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். இதைத் திரும்பப் பெற முடியாது.

அடுத்தபடியாகக் கடன். "மாதம் பதினாறாயிரம்தான் சார்" என்று சொல்லுகிறார்கள். எத்தனை மாதம் என்பதை மெதுவாகச் சொல்லுகிறார்கள். பத்து லட்ச ரூபாய் ஒன்பது சதவீத வட்டிக்கு வாங்கினால், அய்ந்து வருஷத்தில் அடைப்பதற்கு மாதம் சுமார் 20,758 ரூபாய் கட்டவேண்டும்; வட்டி மாத்திரம் சுமார் 2,45,500 ரூபாய். ஏழு வருஷமென்றால் மாதம் சுமார் 16,089 ரூபாய்தான்; ஆனால் வட்டி சுமார் 3,51,500 ரூபாய். மாதத் தவணை குறைந்தது என்று சந்தோஷப்பட்டவர் லட்சத்துக்கு மேல் அதிகமாக அழுதிருக்கிறார்! தவணையைக் கேட்டு வண்டியைத் தீர்மானிக்காதீர்கள். மொத்தம் எவ்வளவு போகிறது என்பதைக் கேளுங்கள்.

இன்ஷூரன்சைக் கடையிலேயேதான் வாங்கவேண்டும் என்பது கட்டாயமல்ல. புதுக் காருக்கு மூன்றாவது நபருக்கான இன்ஷூரன்ஸ் மூன்று வருஷத்துக்கு எடுக்கவேண்டும் என்பது 2018 செப்டம்பர் முதல் உள்ள விதி. அதை யாரிடம் எடுப்பது என்பது உங்கள் இஷ்டம். நான்கு இடத்தில் விசாரித்து, எழுத்தில் வாங்கி, ஒப்பிட்டுப் பாருங்கள். விலை, வரி, பதிவுச் செலவு, இன்ஷூரன்ஸ், அலங்காரச் சாமான் ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவனிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பெட்ரோலா, டீசலா, மின்சாரமா?

நெடுஞ்சாலையில் தினம் நூறு கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு டீசல் லாபமாயிருக்கலாம். வருஷத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடுகிறவரின் கணக்கைப் பார்ப்போம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், வண்டி லிட்டருக்கு 13 கிலோமீட்டர் என்றும், டீசல் 92 ரூபாய், லிட்டருக்கு 17 கிலோமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். பெட்ரோலுக்கு வருஷம் சுமார் 76,900 ரூபாய். டீசலுக்குச் சுமார் 54,100 ரூபாய். மிச்சம் 22,800 ரூபாய். டீசல் வண்டியின் விலை ஒன்றரை லட்சம் அதிகமானால் அதை எடுப்பதற்கே ஆறரை வருஷம் ஆகும். மேலும் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரி எரிந்து போவதற்கு வண்டி நிற்காமல் கொஞ்ச நேரம் ஓடிச் சூடேற வேண்டும். சோழிங்கநல்லூர் சந்திப்பில் தினம் ஊர்ந்து போய் ஊர்ந்து வருகிற வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். நம் ஊர் நெரிசலில் டீசல் வாங்குகிறவர் இதை யோசிக்க வேண்டும்.

மின்சார வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். நின்று நின்று போகும் ரோட்டில் பிரேக் பிடிக்கும்பொழுது கொஞ்சம் மின்சாரம் திரும்பப் பாட்டரிக்கே போகிறது. ஆனால் இரவில் சார்ஜ் ஏற்றுவதற்குச் சொந்த இடம் வேண்டும். அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் முதலில் தங்கள் சங்கத்தில் அனுமதியைக் கேட்டுக்கொண்டு பிறகு கடைக்குப் போகட்டும். கம்பெனிகள் சொல்லும் மைலேஜும் வேதவாக்கல்ல. அது சோதனைச் சாலையில் உருளை மேல் வண்டியை ஓட்டி, குளிர்சாதனத்தை நிறுத்தி எடுத்துவந்த கணக்கு. மே மாதத்தில் நாவலூரிலிருந்து கிண்டிக்குப் போகிறவன் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டா போகிறான்?

உயிருக்கு எவ்வளவு விலை?

2022ஆம் வருஷத்தில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவ்வருஷம் எல்லா மாகாணங்களிலும் அதிகமான விபத்து நடந்தது நம் தமிழ்நாட்டில்தான், 64,105 விபத்துகள். இவர்களில் எத்தனை பேர் வண்டிக்குப் பூசை போட்டவர்கள் என்று யாராவது கணக்கெடுத்தால் நமது பிரசாரத்துக்கு வேலையே இராது.

வண்டி மோதினால் என்ன ஆகும் என்பதைச் சோதித்துப் பார்க்க முறை இருக்கிறது. 2014இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, நம் நாட்டில் அதிகமாக விற்ற சில சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. பெரியவர் பாதுகாப்பில் அவற்றுக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் அய்ந்து நட்சத்திரம் பெற்றது. சோதனை என்று வந்து, ஜனங்களும் கேட்கத் தொடங்கியதால்தான் கம்பெனிகள் திருந்தின. 2023 அக்டோபர் 1 முதல் பாரத் என்கேப் என்று நம் நாட்டிலேயே சோதனை நடக்கிறது. பெரியவர்களுக்குத் தனி நட்சத்திரம், குழந்தைகளுக்குத் தனி நட்சத்திரம் கொடுக்கிறார்கள். அதைப் பார்த்து வாங்குங்கள்.

சிலர் கதவையும் மூடியையும் கையால் தட்டி, "நல்ல கனமான தகடு" என்கிறார்கள். மண்பானைக்கு அந்தச் சோதனை சரி. கார் மோதும்பொழுது முன்பாகம் நசுங்கவேண்டும். நசுங்குவதில்தான் அடியின் வேகம் செலவாகிறது. ஆட்கள் உட்காரும் கூடு நசுங்கக்கூடாது. இதைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஈ.எஸ்.சி. என்று ஒரு கருவி இருக்கிறது. வண்டி வழுக்கிப் பக்கவாட்டில் போகத் தொடங்கினால் அது தானே உணர்ந்து தனிச்சக்கரத்துக்குப் பிரேக் கொடுத்து நிறுத்தும். உயரமான வண்டிக்கு இது அவசியம். நீங்கள் வாங்கும் ரகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் நடுவில் உட்காருகிறவருக்கும் தோளோடு வரும் பெல்ட் இருக்கிறதா, தலைதாங்கி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போதாது, போட்டுக்கொள்ளவும் வேண்டும். 2022 செப்டம்பரில் பெரிய முதலாளியான சைரஸ் மிஸ்திரி விலையுயர்ந்த காரின் பின்னாசனத்தில் போகும்பொழுது விபத்தில் இறந்தார். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீசார் சொன்னார்கள். கோடீசுவரனுக்கும் சாதாரண மனிதனுக்கும் மோதலின் விதி ஒன்றுதான்.

மழைத் தண்ணீர்

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நம் தென்சென்னைப் பகுதிகள் எப்படி மிதந்தன என்பது உங்களுக்குத் தெரியும். எஸ்.யு.வி. என்றால் தண்ணீரில் போகும் என்று நம்பிப் பலர் இறங்கிவிடுகிறார்கள். எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் தண்ணீர் புகுந்தால் எஞ்சின் உடைந்துவிடும். நடுவில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தால் நஷ்டம் இன்னும் பெருகும்; இழுத்துக்கொண்டுதான் போகவேண்டும். சாதாரண இன்ஷூரன்ஸ் இந்த எஞ்சின் நஷ்டத்தைப் பெரும்பாலும் கொடுப்பதில்லை. எஞ்சின் பாதுகாப்பு என்று தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அது வீண் செலவல்ல.

எலுமிச்சம்பழம்

இவ்வளவும் பார்த்து வாங்கியவரும் கடைசியில் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கிறார். 2025 செப்டம்பரில் டில்லி நிர்மான் விகாரில் என்ன நடந்தது? முதல் மாடியிலிருந்த கடையில் புதுவண்டி எடுக்க வந்தவர்கள் பழத்தை நசுக்குவதற்காக வண்டியை நகர்த்தப்போய், கண்ணாடியை உடைத்துக்கொண்டு வண்டியோடு தெருவில் விழுந்தார்கள். நல்லவேளையாக உயிர்ச்சேதமில்லை. எதற்காக அந்தப் பழம்? விபத்து நேராமலிருப்பதற்காக! அங்கே காப்பாற்றியது பழமா, வண்டியிலிருந்த காற்றுப்பையா என்று நீங்களே சொல்லுங்கள்.

கூட்டுத்தொகை எட்டு வரக்கூடாது என்பதற்காகப் பணம் கட்டி எண் வாங்குகிறார்கள். ஒன்று வந்த வண்டி லாரியில் மோதாமல் இருக்கிறதா? எதிரே வரும் லாரி நம் எண்ணைக் கூட்டிப் பார்த்துவிட்டா வருகிறது? அந்தப் பணத்துக்குக் குழந்தைக்கு ஒரு தனி ஆசனம் வாங்கிப் பொருத்தலாம். ஆடி மாதத்தில் யாரும் வாங்காததால் கடைக்காரன் விலையைக் குறைக்கிறான். மூடநம்பிக்கை இல்லாதவனுக்கு அது லாபம்! ஆடியில் போய் எடுங்கள் தோழர்களே. வண்டிக்கு மாதம் தெரியாது.

மாப்பிள்ளைக்குக் கார்

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. நம் பக்கத்தில் நிலத்தின் விலை ஏறிய பிறகு, கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கார் என்பது கவுரவமாகிவிட்டது. 1961இலேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. சட்டத்துக்குப் பயந்து "கேட்கவில்லை, அவர்களாகக் கொடுத்தார்கள்" என்கிறார்கள். பெண்ணின் தகப்பனார் மீதியிருந்த மனையை விற்று அல்லது ஏழு வருஷக் கடன் வாங்கி ஒரு வண்டியை வாசலில் நிறுத்துகிறார். அது என்ன ரகம், என்ன நிறம் என்று தீர்மானிப்பது மாப்பிள்ளை வீட்டார். பணம் பெண் வீட்டினுடையது, பதிவு மாப்பிள்ளை பேரில், பெண்ணுக்கு முன்னாசனத்தில் உட்காரும் உரிமைகூடச் சந்தேகம், மாமியார் உட்கார்ந்துவிடுவார். அந்த வண்டி அவளுடைய விலை அல்லாமல் வேறென்ன? இதைக் கேட்கிற வாலிபனுக்குப் படிப்பு இருந்தென்ன, உத்தியோகம் இருந்தென்ன?

பெண்களுக்கும் சொல்லுகிறோம். வீட்டுக்கு வண்டி வாங்கும்பொழுது நீங்களும் கூடப் போங்கள். ஓட்டும் ஆசனத்தில் உட்கார்ந்து, முன்மூடிக்கு அப்பால் ரோடு தெரிகிறதா, கால் பெடலுக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். நீங்கள் ஓட்டிப் பார்க்காத வண்டிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். பாட்டியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு, தாழம்பூர் ரோட்டிலும் சாயங்கால நெரிசலிலும் ஓட்டிப் பாருங்கள். கியரில்லாத வண்டியானால் அந்த நெரிசலில்தான் அதன் குணம் தெரியும்.

ஆகவே தோழர்களே! வண்டி வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். பஸ்ஸும் வாடகை வண்டியும் போதுமானால், அந்தப் பணத்தைப் பிள்ளைகளின் படிப்புக்கு வையுங்கள். வேண்டுமென்றால், பக்கத்து வீட்டுக்காரன் மெச்சுவதற்காக வாங்காமல் உங்கள் தேவைக்கு வாங்குங்கள். நட்சத்திரம் பார்த்து வாங்குங்கள். பஞ்சாங்கத்தில் உள்ள நட்சத்திரத்தை அல்ல, மோதல் சோதனையில் கொடுத்த நட்சத்திரத்தை. யாம் சொல்லுவதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். உங்கள் கணக்கை நீங்களே போட்டு, வண்டியை நீங்களே ஓட்டிப் பார்த்து, சரியென்று பட்டதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.